ஆகையால் என்னும் ஒரு சொல்

(திருவொற்றியூர் மாசிப் பெருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர்களுக்கு முடிவு கொள்ளக் கற்பித்தல் என்பது இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். ஒரு செய்தியை ஆராய்ந்து, 'ஆகையால் இது இவ்வாறு' என்று பிழையின்றிச் சொல்லவும் எழுதவும் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்பது அதன் விரிவு. பொருளைக் கேட்டவுடன் அன்பர் ஒருவர், "ஐயா, இது பள்ளிக்கூடத்தில் பேச வேண்டியதாயிற்றே, திருவிழாவில் எதற்கு?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் திருக்கோயிலே ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாகவும் இருந்தது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்ற பெயருடன் சோழர் காலத்தில் இங்கே ஒரு மண்டபம் இருந்தது. பாணினி முனிவருக்கு இறைவர் இலக்கணம் அருளிய இடம் இது என்னும் நம்பிக்கையில் எழுந்தது அம்மண்டபம். அங்கே இலக்கணம் ஓதுவிப்பாரும் ஓதுவாரும் கவலையின்றி இருப்பதற்காக நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுக் கூறுகிறது. இறைவரே ஆசிரியராக அமர்ந்த இடத்தில் ஆசிரியத் தொழிலைப் பற்றிப் பேசுவது தகாததாகுமா?

மற்றொரு காரணமும் உண்டு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்னும் பெருநூலைச் செய்தபோது, பதியைப் பற்றியும் உயிரைப் பற்றியும் சொல்லப் புகுமுன், சுபக்கத்தின் முகப்பிலேயே அளவை இலக்கணத்தை வைத்தார். அளவை என்பது அளக்கும் கருவி. நெல்லுக்குப் படியும் மரக்காலும் இருப்பதுபோல, அறிவுக்கும் அளக்கும் கருவி வேண்டும். பிறர் பத்து என்று எண்ணிய அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கி, ஒவ்வொன்றும் எங்கே பிழைபடும் என்பதையும் அவர் உடன் சொன்னார். பொருளைக் கொடுப்பதற்கு முன் தராசைக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சுக்கு அம்மூன்றனுள் நடுவில் நிற்கும் கருதலே முதன்மையானது.

புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று துணிவது கருதல். தருக்க நூல்கள் எல்லாம் இதற்கு ஒரு மலையைக் காட்டும். டோல்கேட்டுப் பிள்ளைகளுக்கு மலை காட்ட நான் எங்கே போவேன்? நம் பகுதியில் மலைதான் இல்லை; புகைக்குக் குறைவில்லை! எண்ணூர்ப் பக்கம் போகும்போது வானத்தில் வெண்மையாகத் திரண்டு எழும் ஒன்றைக் காணலாம். அது என்ன என்று மாணவர்களைக் கேட்பேன். எல்லோரும் புகை என்பார்கள். அனல் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து அப்படித் திரண்டு வருவது நீராவி. அருகில் ஒல்லியாக உயர்ந்து நிற்கும் புகைபோக்கியின் வாயில் எழுவதே புகை. இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பதால் 'நெருப்பு உண்டு' என்ற முடிவு தற்செயலாக உண்மையாகிவிடுகிறது. இங்கேதான் ஆசிரியன் விழிப்பாக இருக்க வேண்டும். முடிவு சரியாக இருக்கிறதே என்று மதிப்பெண் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளை நாளைக்கு மார்கழிப் பனியைக் கண்டும் தீயணைப்பு வண்டியை அழைப்பான். மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் பகுதியில், ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத ஒன்றைப் புகையென்றே கொண்டு நெருப்பைத் துணிவது ஏதுப் போலிகளுள் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. அது பௌத்த நூலாயிற்றே என்று நினைக்க வேண்டா. நல்ல கருவி யாருடைய உலையில் வடிக்கப்பட்டால் என்ன?

இன்னொரு கேள்வியும் கேட்பேன். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. அப்படியானால் நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டா? வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 'உண்டு' என்னும். ஒருமுறை ஒரு சிறுவன் மட்டும் எழுந்து நின்று, "பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை இல்லையே ஐயா" என்றான். அவன் தந்தையார் பட்டறைத் தொழிலாளர். அச்சிறுவன் தருக்க சங்கிரகத்தைப் படித்தவன் அல்லன். ஆனால் அந்நூலின் மரபில் காட்டப்படும் எடுத்துக்காட்டே காய்ச்சிய இரும்புக் குண்டுதான். நெருப்பு மட்டும் இருந்தால் புகை வராது. ஈர விறகின் சேர்க்கையும் வேண்டும் என்று அந்நூலார் விளக்குவர். 1785-இல் இறைவனடி சேர்ந்த மாதவச் சிவஞான முனிவர், சிவஞான மாபாடியம் செய்த அந்தப் பேராசிரியர், இந்தத் தருக்க சங்கிரகத்தைத் தமிழில் ஆக்கித் தந்தார். வடமொழி அறியாத மாணவனும் இதைக் கற்க வேண்டும் என்று அத்துணைப் பெரியவர் கருதினார் என்றால், இது சில்லறைப் பொருளாக இருக்க முடியுமா?

இந்த இடத்தில் அடியேன் செய்த பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். அரையாண்டுத் தேர்வின் கட்டுரைத் தாள்களைத் திருத்தியபோது, இரண்டு தாள்களில் முடிவுரை சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தது. ஒரு தாள் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெறும் மாணவனுடையது. மற்றது அவனுக்குப் பின் வரிசையில் அமர்ந்திருந்தவனுடையது. அவன் காசிமேட்டில் மீனவர் வீட்டுப் பிள்ளை. விடியுமுன் ஏலத்துக்கு மீன்பெட்டி சுமந்துவிட்டுக் கண்ணெரிச்சலோடு வகுப்புக்கு வருபவன். இரண்டு தாள்களும் ஒத்திருக்கின்றன. ஆகையால் ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதியிருக்கிறான். பின்னால் இருப்பவன்தானே முன்னால் இருப்பவனைப் பார்க்க முடியும். ஆகையால் குற்றவாளி இவன்தான். இப்படி இரண்டு 'ஆகையால்' போட்டேன். வகுப்பின் முன்னே நிறுத்திக் கேட்டேன். "இல்லை ஐயா" என்று ஒருமுறை சொன்னான். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. பேசாமல் நின்றதனால் ஒப்புக்கொண்டான் என்று மூன்றாவது 'ஆகையால்' ஒன்றையும் சேர்த்துக்கொண்டு தண்டனை கொடுத்தேன்.

சில வாரங்கள் கழிந்தன. மாசி விழாச் சொற்பொழிவுக்கு ஆயத்தம் செய்வதற்காக, முந்திய ஆண்டில் பேசிய குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். அந்த முடிவுரை அதில் இருந்தது. என் கையெழுத்தில் இருந்தது! முந்திய ஆண்டு இங்கே நான் பேசியபோது அவ்விரு பிள்ளைகளும் கூட்டத்தின் பின்புறம் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டதை நெஞ்சில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். பின்புறம் உட்காரும் சிறுவர்கள் சுண்டலுக்காக வருபவர்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அதுவும் ஏதுவில்லாத முடிவே.

இரண்டு தாள்கள் ஒத்திருந்தால், அவை ஓரிடத்தோடு தொடர்புடையன என்பது வரைக்கும் ஏது நம்மை அழைத்துச் செல்லும். இவன் அவனைப் பார்த்தானா, அவன் இவனைப் பார்த்தானா, இருவரும் மூன்றாவது ஒன்றைக் கேட்டார்களா என்பதை அந்த ஏது சொல்லாது. அது நிறுத்திய இடத்தில் நானும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எஞ்சிய தூரத்தை அந்தப் பிள்ளையின் பழைய மதிப்பெண்ணும், அவன் சட்டையில் வீசிய மீன் நாற்றமும் எனக்காக நடந்து முடித்தன.

அவன் வீட்டைத் தேடிப் போனேன். படகில் போயிருக்கிறான் என்று அவன் தாயார் சொன்னார். அவன் பிறகு பள்ளிக்குத் திரும்பவில்லை. நான் செய்ததனாலேயே அவன் படிப்பு நின்றது என்று சொன்னால், அதுவும் ஆராயாத முடிவாகிவிடலாம். வீட்டில் வறுமை இருந்தது. ஆனால் என் செய்கைக்கு அதில் பங்கில்லை என்று சொல்வதற்கு என்னிடம் ஏது ஒன்றும் இல்லை.

அன்று முதல்தான் மெய்கண்ட தேவருடைய நூலை ஆசிரியன் கண்ணால் படிக்கத் தொடங்கினேன். சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரம், நாற்பதே அடி. ஒவ்வொரு சூத்திரத்தையும் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் முதலில் மேற்கோள், உடனே ஏது, அதன்பின் எடுத்துக்காட்டு வெண்பா என்று அமைத்திருக்கிறார். மேற்கோள் என்றால் இக்காலத்தில் பிறர் சொல்லை எடுத்துக் காட்டுவது என்று பொருள் கொள்கிறோம். அவர் காலத்தில் அது, நான் நிறுவ மேற்கொண்ட கருத்து என்று பொருள்படும். சுட்டி அறியப்படும் உலகம் ஒருவனால் தோற்றுவிக்கப்பட்டது என்ற கருத்தைச் சொன்னால், அடுத்த வரியிலேயே, ஏன் என்று கேட்பவனுக்கு விடை காத்திருக்கும். 'நான் பெரியவன், சொல்கிறேன், கேள்' என்ற குரல் அந்நூலில் ஓரிடத்திலும் இல்லை. கடவுளைப் பற்றிப் பேசும் நூலே காரணம் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது என்றால், பத்தாம் வகுப்புத் தமிழாசிரியனுக்கு மட்டும் விலக்கு உண்டா?

பழைய தருக்கத்தில் வாதத்துக்கு உறுப்பு ஐந்து. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று மணிமேகலை அவற்றைப் பெயரிடும். முதலில் 'இம்மலை நெருப்புடையது' என்று சொல்வது பக்கம். இறுதியில் 'ஆகையால் இம்மலை நெருப்புடையது' என்று சொல்வது நிகமனம். சொற்களைப் பார்த்தால் கூடுதலாக இருப்பது 'ஆகையால்' ஒன்றுதான். அந்த ஒரு சொல் தனக்கு முன்னே நிற்கும் மூன்று உறுப்புகளையும் தோளில் சுமந்துகொண்டு வருகிறது. சுமை இல்லாமல் அச்சொல்லை எழுதுவது, பண்டம் இல்லாத மூட்டையைக் கட்டி முத்திரை குத்துவது போன்றது.

நம் பிள்ளைகளின் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். 'கடல்' என்று தலைப்புக் கொடுத்தேன். கடல் அரிப்பினால் தன் தெருவில் வீடுகள் போன கதையை ஒரு மாணவி மனம் உருக எழுதியிருந்தாள். இறுதியில், 'ஆகையால் கடல் மனிதனுக்கு மிகவும் பயனுள்ளது' என்று முடித்திருந்தாள்! ஏன் அம்மா என்று கேட்டேன். "முடிவுரை அப்படித்தானே ஐயா இருக்க வேண்டும்" என்றாள். குற்றம் அவளுடையதன்று. எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் முடிவுரையை மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் நாம். நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாத குற்றம் பத்துச் சொன்னார். அவற்றுள் மாறுகொளக் கூறல், முன்னே சொன்னதற்குப் பின்னே சொன்னது பகையாவது. சென்று தேய்ந்து இறுதல், வலிமையாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து ஒன்றுமில்லாமல் முடிவது. அந்த மாணவியின் கட்டுரையில் இரண்டும் ஒருங்கே இருந்தன. அழகான கட்டுரை, அதன் வாலில் வேறொரு விலங்கின் வால் ஒட்டியிருந்தது.

அவளையே மீண்டும் எழுதச் சொன்னேன். உன் தெருவின் வீடுகளைக் கடல் ஏன் கொண்டு போயிற்று? 'துறைமுகம் வந்தது, ஆகையால் போயிற்று' என்று எழுதினாள். அவள் பாட்டி அப்படிச் சொல்வாராம். முடிவு உண்மைதான். ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதனால் மட்டும் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே இடையில் உள்ள படிகளைத் தேடச் சொன்னேன். அவள் தேடினாள். சென்னைத் துறைமுகத்தின் வேலை 1876-இல் தொடங்கியது. நம் கரையை ஒட்டி அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே நீட்டிய துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்தது. தடுத்த மணல் தெற்கே குவிந்தது, மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி நம் பகுதிக் கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் நிலத்தை அரித்தது. சுவர் நீட்டிய வேறு கரைகளிலும் இவ்வாறே நடப்பது அன்னுவயம். தடுப்பில்லாத கரையில் அவ்வாறு நடவாமை வெதிரேகம். அடுக்களையையும் நீர்நிலையையும் வைத்து நூலார் சொன்ன அதே முறைதான். பாட்டி சொன்னதும் இதுவும் ஒரே முடிவு. ஆனால் இப்போது அந்த மாணவியை யாராலும் அசைக்க முடியாது. கரையில் கருங்கல் கொட்ட வரும் அதிகாரியிடமும் அவள் நின்று பேசுவாள்.

உரை அளவையைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கருதல் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்து ஊர்ப் பெயரே சான்று. டோல்கேட் என்ற பெயரைக் கேட்டு, இங்கே ஒரு காலத்தில் சுங்கச் சாவடி இருந்திருக்க வேண்டும் என்று ஒரு மாணவன் ஊகித்தால் சரி என்போம். அதே துணிவில் அடுத்த மெட்ரோ நிலையத்துக்குப் போய், காலடிப்பேட்டை என்ற பெயரைப் பார்த்து, யாரோ ஒரு பெரியவரின் காலடி பட்ட இடம் என்று ஊகித்தால் வழுக்கி விழுவான். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த காலெட் என்னும் ஆங்கிலேயர் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை நம் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இதை ஊகத்தால் அறிய இயலாது. எழுதி வைத்தவர் சொல்லித்தான் அறிய வேண்டும். இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்று நம்மைச் சோதிக்கின்றன!

வகுப்பில் நான் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பிள்ளை 'ஆகையால்' என்று எழுதிய இடத்தில் கோடிட்டு, அந்த வாக்கியத்தைத் தலைகீழாகப் படிக்கச் சொல்வேன். முடிவை முதலில் படித்து, 'ஏனெனில்' என்று சொல்லி, முன்னே எழுதியதைப் படிக்க வேண்டும். 'கடல் பயனுள்ளது, ஏனெனில் எங்கள் வீட்டைக் கொண்டு போயிற்று' என்று வாய்விட்டுப் படித்தவுடனே பிள்ளையே சிரித்துவிடும். திருத்துவதற்குச் சிவப்பு மை வேண்டியதில்லை. 'இதிலிருந்து இதற்கு மேல் சொல்ல இயலவில்லை' என்று எழுதவும் இசைவு கொடுத்திருக்கிறேன். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லையே என்று பெற்றோர் வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தப் படகுக்காரப் பிள்ளையை நினைத்தால், அந்த வாக்கியத்தை நான் முதலில் கற்றிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

ஆசிரியன் முடிவைத் தானே சொல்லிவிடாமல் மாணவனைக் கொள்ள வைப்பது இன்னும் உயர்ந்த நிலை. சகலாகம பண்டிதர் என்று போற்றப்பட்ட பெரியவர், தம்மை வணங்க வராத இளம் ஞானியாகிய மெய்கண்டாரிடம் சினத்தோடு சென்று, ஆணவ மலத்தின் உருவம் எது என்று வினவினார் என்பது நம் சந்தான மரபு கூறும் வரலாறு. மெய்கண்டார் ஒன்றும் சொல்லவில்லை. நின்றிருந்தவரை அடி முதல் முடி வரை ஒருமுறை பார்த்தார். அவ்வளவே. 'ஆகையால்' என்ற சொல்லைப் பண்டிதரே தம் நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டு காலில் விழுந்தார். வாயால் சொல்லியிருந்தால் அவர் மறுத்து ஒரு நூறு ஆகமம் காட்டியிருப்பார்! அவ்வாறு விழுந்து எழுந்தவர்தாம் அருணந்தி சிவாசாரியார். அளவையை நூலின் முகப்பில் வைத்தவரும் அவரே.

இனி, இந்தத் தலத்துக்கே உரிய வரலாற்றுக்கு வருகின்றேன். சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுறவு செய்ய வேண்டிய நிலை நம்பியாரூரருக்கு வந்தது. தோழமை உரிமையால் அவர் இறைவரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். 'சங்கிலியோடு திருமுன் வந்து நான் சூளுறவு செய்யும்போது, தேவரீர் அவ்விடம் விட்டு மகிழின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும்.' இறைவரும் இசைந்தார். சுந்தரர் பெருமானுக்கு அறியாமையை ஏற்றிப் பேசுவது என் கருத்தன்று. அவை உலகுக்கு உணர்த்த நிகழ்ந்த திருவிளையாடல்கள். ஆயினும் அந்த எண்ணத்தில் அமைந்த வாதத்தைப் பாருங்கள். திருமுன்னில் இறைவர் இல்லை. ஆகையால் அங்கே செய்யும் சூள் என்னைப் பிணிக்காது. ஏது பொய்யில்லை, இறைவர் வாக்குத் தவறவில்லை, மகிழின்கீழேதான் இருந்தார். ஆனால் எங்கும் நிறைந்தவனை ஓரிடத்தில் இல்லை என்று வைத்துக் கட்டிய அந்த 'ஆகையால்' எதன்மேல் நிற்கும்? இறைவரே சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின்கீழ்ச் சூளுறவு கேள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை மகிழைச் சுற்றி வந்து சுந்தரர் சூள் உரைத்ததையும், பின்னர்த் திருவாரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்ணும் மறைந்ததையும் சேக்கிழார் பெருமான் வாயிலாக நீங்கள் அறிவீர்கள்.

கண்ணிழந்த நிலையில் அவர் திருவெண்பாக்கம் சேர்ந்தார். அப்பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட்டது. கோயிலைக் கரையில் வேறிடத்தில் அமைத்திருக்கிறார்கள். அங்கே வாயிலில் நின்று, இறைவரே, இத்திருக்கோயிலில் இருக்கின்றீரோ என்று கேட்டார். ஒற்றியூரில் 'இராதீர்' என்று வேண்டிய அதே திருவாய் வெண்பாக்கத்தில் 'இருக்கின்றீரோ' என்று வினவுகிறது. உள்ளிருந்து விடை வந்தது. இருக்கின்றோம், நீ போ என்று. ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தது. கண் அங்கே கிடைக்கவில்லை. ஒன்று காஞ்சியிலும் மற்றொன்று ஆரூரிலும் வந்தன.

மகிழடி சேவைக்கு மணி ஒலிக்கிறது. பின்புறம் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை முதலில் முன்னே போக விடுமாறு பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு அமைகின்றேன்.